‘மருந்து ஒத்துக்கிடல’ என்பது பதில் அல்ல: நாய்க்கு ஆபரேஷன் என்றால் தென்காசிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

“காலையில நல்லா ஓடியாடிக்கிட்டுதான் இருந்துச்சு. சின்ன ஆபரேஷன்னுதான் சொன்னாங்க. ஊசி போட்டாங்க, அதுக்கப்புறம் எந்திரிக்கவே இல்ல. என்னாச்சுன்னு கேட்டா, மருந்து ஒத்துக்கிடலன்னு சொல்லிட்டாங்க.”

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை பக்கம் நாய் வளர்ப்பவர்கள் நான்கு பேர் கூடிப் பேசினால் இப்படி ஒரு கதை வந்து விழும். கருத்தடை ஆபரேஷன், கட்டி எடுப்பது, பல் சுத்தம் செய்வது என எல்லாமே ‘சாதாரணம்’ என்று சொல்லப்படுபவைதான். அதற்குப் போன நாய் திரும்பி வரவில்லை என்றால், வீட்டில் ஒருவரை இழந்த மாதிரிதான்.

அதோடு முடிவதில்லை. அந்தக் கதையைக் கேட்ட நான்கு பேரும் தங்கள் நாய்க்கு ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ‘ஒத்துக்கிடல’ என்ற ஒற்றைச் சொல் செய்யும் பெரிய தீமை இதுதான். என்ன நடந்தது என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது. விதி, ராசி என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

உண்மையில் அந்தச் சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், வந்துவிட்டாலும் சமாளிக்கலாம். அவற்றைத் தெரிந்துகொள்வோம்.

முதலில், ஆபத்து எவ்வளவு?

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 117 கால்நடை மருத்துவமனைகளில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட 98,036 நாய்களைப் பின்தொடர்ந்து, எத்தனை இறந்தன என்று பார்த்தார்கள். மொத்தத்தில் இறந்தவை 0.17 சதவீதம். அதாவது சுமார் 600 நாய்களில் ஒன்று.

ஆனால் இந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான நாய்களில் இறப்பு 0.05 சதவீதம்தான், சுமார் 1,850 நாய்களில் ஒன்று. ஏற்கெனவே நோயுற்றிருந்த நாய்களில் 1.33 சதவீதம், சுமார் 75-ல் ஒன்று. இரண்டுக்கும் நடுவே சுமார் இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்.

ஆக, ‘மயக்க மருந்து ஆபத்தானதா?’ என்று கேட்பதைவிட, ‘என் நாய் இந்த இரண்டில் எந்தப் பக்கம் இருக்கு?’ என்று கேட்பதுதான் சரி. அதைக் கண்டுபிடிக்காமல் ஊசி போடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

‘ஒத்துக்கிடல’ என்பதற்குள் இருக்கும் ஐந்து காரணங்கள்

ஒன்று, நிஜமான அலர்ஜி. மருந்து உள்ளே போனதும் முகம் வீங்கி, ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு திணறும் நிலை. இது நாய்களுக்கு வரலாம். ஆனால் அபூர்வம். நாம் ‘ஒத்துக்கிடல’ என்று சொல்லும் சம்பவங்களில் பெரும்பாலானவை இது இல்லை. மயக்க மருந்துகள் இயல்பாகவே மூச்சைக் குறைக்கும், இதயத் துடிப்பை மெதுவாக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும். அது எல்லா நாய்க்கும் நடப்பதுதான். யாரும் கவனிக்காமல் அது எல்லை மீறும்போதுதான் உயிர் போகிறது.

இரண்டு, அளவு. நம் ஊரில் அரசு கால்நடை மருத்துவமனையை ‘மாட்டாஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறோம். மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் ஒரே வாசலில்தான் வரும். ஒரே மருந்துகூடப் பல விலங்குகளுக்குப் பயன்படும். உதாரணம் சைலசின். குதிரைக்குத் தேவைப்படும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும்! விலங்குக்கு விலங்கு அவ்வளவு வித்தியாசம். நாய்க்குக் கொடுத்தால் வாந்தி வரலாம், இதயத் துடிப்பு நன்றாகக் குறையலாம். எனவே அளவு துல்லியமாக இருக்க வேண்டும். துல்லியத்துக்கு முதல் தேவை எடை மெஷின். ‘பார்த்தா ஒரு பதினஞ்சு கிலோ இருக்கும்’ என்ற கண்ணளவு போதாது. முடி அடர்ந்த பொமரேனியன் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். கொழுத்த லேப்ரடாருக்கு எடையை மட்டும் பார்த்து மருந்து ஏற்றினாலும் அளவு கூடிப்போகும்.

மூன்று, மறைந்திருக்கும் நோய். நம் பக்கத்தில் இதற்கு முதல் பெயர் உண்ணிக் காய்ச்சல். நாய் உண்ணி பரப்பும் எர்லிச்சியா கிருமி, ரத்தத்தில் தட்டணுக்களைக் குறைத்துவிடும். தட்டணு குறைந்தால் ரத்தம் உறையாது. தொல்லை என்னவென்றால், நோய் நாள்பட்ட நிலைக்குப் போன நாய் வெளியே பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும், சாப்பிடும், வாலாட்டும். ஆபரேஷன் மேஜையில்தான் ரத்தம் நிற்காமல் கசியத் தொடங்கும். அப்போது உயிர் போனால் பழி மயக்க மருந்தின் மேல் விழும். சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு, ரத்தசோகை எல்லாம் இதே ரகம்தான். ஆபரேஷனுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையும், ஸ்டெதஸ்கோப் வைத்துப் பொறுமையாக இதயத்தைக் கேட்பதும் இதில் பெரும்பகுதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்கு, வயிற்றில் இருக்கும் சாப்பாடு. “பாவம், பசிக்குமே” என்று கிளம்பும்போது பாட்டி ஒரு பிடி தயிர்சோறு வைத்துவிடுவார். டாக்டர் கேட்கும்போது நாமும் “ஒண்ணும் சாப்பிடல சார்” என்று சொல்லிவிடுவோம். மயக்கத்தில் விழுங்கும் உணர்ச்சி இருக்காது. வாந்தி மேலே வந்தால் நுரையீரலுக்குள் போகும். உடனே மூச்சு அடைக்கலாம். இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து நிமோனியாவாக வரலாம். நன்கு வளர்ந்த, ஆரோக்கியமான நாய் என்றால் பொதுவாக ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பாடு கொடுக்காமல் இருக்கச் சொல்வார்கள். குட்டிக்கு அவ்வளவு நேரம் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் தனியாகக் கேளுங்கள். தப்பித் தவறி ஏதாவது கொடுத்திருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். ஆபரேஷனை ஒருநாள் தள்ளிவைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஐந்து, குளிர். இது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் தனியாகச் சொல்ல வேண்டிய காரணம். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மயக்கத்தில் இருக்கும் நாயால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள முடியாது. வயிற்று முடியை மழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரும்பு மேஜையில் கிடத்தி, வயிற்றைத் திறந்து வைத்தால் வெப்பம் சரசரவென்று இறங்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சாரல் காற்று ஜன்னல் வழியாக வீசினால் கேட்கவே வேண்டாம். நமக்கு அது சீசன் சுகம். நனைந்த உடம்போடு ஆபரேஷனுக்கு வரும் நாய்க்கு அது ஆபத்து. உடம்பு குளிர்ந்தால் ஈரல் மெதுவாக வேலை செய்யும், மருந்து வெளியேறாது, நாய் எழுந்திருக்க நேரமாகும், எழுந்திருக்காத நாய் இன்னும் குளிரும். ஒரு கம்பளி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், மூடிய ஜன்னல், ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் இதைத் தடுத்துவிடலாம்.

நம்ம ஊர் வேட்டை நாய்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

தென்காசியிலிருந்து மதுரை ரோட்டில் கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி தாண்டினால் ராஜபாளையம். வெள்ளை ராஜபாளையம் நாய் 2005-ல் இந்திய தபால் தலையிலேயே இடம்பிடித்தது. சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் இந்தத் தென்மாவட்டக் கரிசல் பூமியின் சொத்துதான். முயல் விரட்ட வளர்க்கப்பட்டவை. ஒட்டிய வயிறு, நீண்ட கால், உருவிவிட்ட மாதிரி உடம்பு. கொழுப்பு என்பதே கிடையாது.

உலகம் முழுக்க இந்த உடல்வாகு கொண்ட நாய்களில் அதிகம் ஆராயப்பட்டது மேல்நாட்டு கிரேஹவுண்ட். தயோபென்டோன் என்ற பழைய மயக்க மருந்தைக் கொடுத்தால் மற்ற நாய்கள் சீக்கிரம் எழுந்துவிடும். கிரேஹவுண்ட் மணிக்கணக்கில் தள்ளாடிக்கொண்டு கிடக்கும். 1980-களிலேயே இதை ஆராய்ந்தார்கள். காரணம் இரண்டு.

முதலாவது, கொழுப்பு. இந்த வகை மருந்து மூளையைவிட்டு விலகித் தசைக்கும் கொழுப்புக்கும் போய்ச் சேர்வதால்தான் நாய் சீக்கிரம் விழிக்கிறது. கொழுப்பே இல்லாத உடம்பில் அது போய்த் தங்க இடம் குறைவு. இரண்டாவது, ஈரல். சில மருந்துகளை உடைக்கும் என்சைம் கிரேஹவுண்டுக்குக் குறைவாகச் சுரக்கிறது. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2020-ல் வெளியிட்டார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளுக்குக் கருத்தடை செய்து கவனித்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நாய்களுக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து ரத்தக்கசிவு வந்தது. மேஜையில் எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு!

சிப்பிப்பாறையும் கன்னியும் கிரேஹவுண்ட் அல்ல. ஆனால் அதே ரக உடல்வாகு. அதனால் இவற்றை வைத்திருப்பவர்கள், “சார், இது சிப்பிப்பாறை. மெலிஞ்ச வேட்டை நாய்” என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எந்த மருந்து, எவ்வளவு, எழ நேரமானால் என்ன செய்வது என்று டாக்டர் யோசித்து வைத்துக்கொள்வார். உடம்பில் கொழுப்பு இல்லாததால் இந்த நாய்கள் சீக்கிரம் குளிர்ந்தும் போகும். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாளாவது தையல் பக்கம், வயிறு, தொடை உள்பக்கம் நீலம் பாய்கிறதா, ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பக். 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு நாடு முழுக்கப் பரவிய சப்பை மூக்கு நாய். மூக்குத் துளை சின்னது, தொண்டைக்குள் சதை அதிகம். மயக்கத்தில் அந்தச் சதை தளர்ந்தால் மூச்சுப்பாதை அடைபடும். மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடாமல் பக், ஷிட்சூ, பாக்ஸர் போன்ற நாய்களுக்கு ஆபரேஷன் செய்வது சரியல்ல. ட்யூபை எடுக்கும் நேரமும் முக்கியம். நன்றாக விழித்து, தலையைத் தூக்கி, ட்யூபை மெல்லத் தொடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் ஆபத்து நேரம்

பிரிட்டன் கணக்கெடுப்பில் எல்லோரும் கவனிக்க வேண்டிய தகவல் ஒன்று உண்டு. இறந்த நாய்களில் ஏறத்தாழ பாதி, ஆபரேஷன் நடக்கும்போது இறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்தன. அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள்.

இப்போது நம் ஊரில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். தையல் போட்டாச்சு. அடுத்த கேஸ் காத்திருக்கிறது. “வீட்டுக்குக் கொண்டு போங்க, சாயந்திரம் எந்திரிச்சுரும்.” நாமும் மகிழ்ச்சியாக, துவண்டு கிடக்கும் நாயை ஸ்கூட்டி முன்பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு கிளம்புகிறோம். தலை தொங்குகிறது, கழுத்து மடிந்து தாடை நெஞ்சில் முட்டுகிறது. மூச்சுப்பாதை அங்கேயே அடைபடலாம். சாரல் வேறு. அந்த மூன்று மணி நேரம் முழுக்க நாயைப் பார்க்கத் தெரிந்தவர் யாரும் அருகில் இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உடம்பு சில்லிட்டிருக்கும். போன் போட்டால், “மருந்து ஒத்துக்கிடல போல.”

எனவே ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: நாய் தானாகத் தலையைத் தூக்கி, நெஞ்சை ஊன்றி உட்காரும்வரை ஆஸ்பத்திரியைவிட்டுக் கிளம்பாதீர்கள். அன்று லீவு போடுங்கள். கார் அல்லது ஆட்டோ ஏற்பாடு செய்யுங்கள். கழுத்து நேராக இருக்கும்படி பக்கவாட்டில் படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள்.

வீட்டில்: தரையில் கம்பளி விரித்து, மற்ற நாய்கள், குழந்தைகள் இல்லாத அறையில் வையுங்கள். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி அருகே வேண்டாம். நிலையாக நிற்கும்வரை சாப்பாடும் தண்ணீரும் கூடாது. கெட்டமின் போட்டிருந்தால் கண் திறந்தபடியே கிடக்கும். கண் காய்ந்துவிடாமல் இருக்க என்ன சொட்டு மருந்து விடலாம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விழிக்கும்போது கொஞ்சம் ஊளையிடுவது, காலை அடிப்பது நடக்கலாம். பயந்து உலுக்க வேண்டாம்.

ஆனால் ஈறு வெளுத்தோ நீலமாகவோ தெரிந்தால், மூச்சு மிக மெதுவாகவோ திணறியோ வந்தால், உடம்பு சில்லென்று ஆனால், கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை என்றால், காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரை அழைக்க வேண்டும். அதற்கு ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டிய கேள்வி: “ராத்திரி ஏதாவது ஆனா யாருக்கு சார் போன் பண்றது?”

அப்படியென்றால் ஆபரேஷனே வேண்டாமா?

வேண்டும். பயந்துகொண்டு தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து.

கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதாக ஆகக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வரும். கருத்தடை வழக்கம் குறைவாக இருந்த ஸ்வீடனில் எடுத்த கணக்குப்படி, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் நாய்க்கு இது வந்திருந்தது. வந்துவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. ஆனால் அப்போது மேஜையில் கிடப்பது ஆரோக்கியமான இளம் நாய் அல்ல. காய்ச்சலோடு, விஷம் ஏறி, சிறுநீரகம் தளர்ந்த வயதான நாய். முதலில் பார்த்த கணக்கில், 1,850-ல் ஒன்று என்ற பக்கத்திலிருந்து 75-ல் ஒன்று என்ற பக்கத்துக்கு நாமே அதைத் தள்ளிவிடுகிறோம். மயக்க மருந்துக்குப் பயந்து தள்ளிப்போட்டதால், அதே மயக்க மருந்தை மோசமான நிலையில் கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது.

தெரு நாய்க்கு யார் கேட்பது?

வீட்டு நாய்க்காவது கேட்க நாம் இருக்கிறோம். தெரு நாய்க்கு?

2023 மார்ச்சில் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, டெல்லி தெரு நாய்களை மொத்தமாகக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன முந்தைய உத்தரவைத் திருத்தியது. கருத்தடை, தடுப்பூசி முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் விதிவிலக்கு என்றது. விவகாரத்தை நாடு முழுவதற்குமாக விரிவாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும் உத்தரவிட்டது.

இதன் பொருள், தென்காசி மாதிரியான ஊர்களிலும் இனி இந்த ஆபரேஷன்கள் கூடத்தான் வேண்டும். வெறிநோயை ஒழிக்க வேறு குறுக்கு வழி இல்லை. மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய் மூலம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் தெரு நாய்க்கு வரலாறு கிடையாது. வயது தெரியாது, உண்ணி நிச்சயம் இருக்கும், குப்பைத் தொட்டியில் என்ன தின்றது என்று தெரியாது, வலையில் சிக்கிய பயத்தில் இதயம் படபடக்கும். வீட்டு நாயைவிட அதற்குத்தான் ஆபத்து அதிகம். கிடைக்கும் கவனமோ குறைவு. ‘ஒரு நாளைக்கு இத்தனை ஆபரேஷன்’ என்று எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்தால், முதலில் பலியாவது ஆபரேஷனுக்குப் பிறகான அந்த மூன்று மணி நேரக் கண்காணிப்புதான். நாய் செத்தால் தெருவில் சோறு போடுபவர்கள் நம்பிக்கை இழப்பார்கள். அடுத்த முறை வண்டி வரும்போது நாய்களை ஒளித்து வைப்பார்கள். அதோடு தடுப்பூசித் திட்டமும் படுத்துவிடும்.

டாக்டரைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது

நமக்கு ஆபரேஷன் நடந்தால், கத்தி பிடிப்பவர் ஒருவர். மயக்கத்தைப் பார்த்துக்கொள்ள மயக்கவியல் டாக்டர் தனியாக ஒருவர். நம் ஊர்க் கால்நடை மருத்துவருக்கு அந்த வசதி இல்லை. கத்தியும் அவர்தான், மயக்கமும் அவர்தான். வெளியே சினை ஊசிக்கு மாடு நிற்கும், ஆட்டுக்குக் கழிச்சல், ஊருக்குள் கோமாரித் தடுப்பூசி முகாம். இத்தனைக்கும் நடுவில்தான் நம் நாய்.

ஆனால் இதற்குத் தீர்வு கோடிக்கணக்கில் செலவாகும் மெஷின் அல்ல. அதே பிரிட்டன் ஆய்வில் பூனைகளைப் பார்த்தபோது, நாடித்துடிப்பையும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் தொடர்ந்து கவனித்த இடங்களில் இறப்பு வாய்ப்பு குறைவாக இருந்தது. கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிப் பார்த்த அதே கருவிதான். நாய்க்கு நாக்கில் மாட்டும் கிளிப் வேண்டும், அவ்வளவே.

2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமான தென்காசி, கால்நடை மருத்துவத்தில் கேட்டுப்பெற வேண்டியவை இவை. நாய்க்கு ஆபரேஷன் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும், அரசு மருத்துவமனையோ, தனியார் கிளினிக்கோ, நகராட்சியின் கருத்தடை மையமோ, எடை மெஷின் இருக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் நாயைப் பார்க்க என்றே பயிற்சி பெற்ற இன்னொருவர் இருக்க வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர், தெர்மாமீட்டர், மூச்சுக்குழாய் ட்யூப், ஆக்ஸிஜன் சிலிண்டர், அவசர மருந்துகள், மயக்கத்தை முறிக்கும் மருந்து எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சாரல் காலத்துக்கென்று காற்று புகாத, உலர்ந்த ஓய்வறை வேண்டும்.

வயதான நாய், இதய நோய் உள்ள நாய், மூச்சுத்திணறல் உள்ள பக் போன்றவற்றை இங்கே வைத்துப் போராட வேண்டியதில்லை. திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி சுமார் 50 கி.மீ. தூரம்தான். “இங்க வேண்டாம், அங்க கொண்டு போங்க” என்று ஒரு டாக்டர் சொன்னால் அது அவர் தோல்வி அல்ல, நேர்மை.

எல்லாவற்றையும்விட முக்கியம் பதிவேடு. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாய் எப்போது எழுந்தது, இறந்தால் எந்தக் கட்டத்தில் இறந்தது என்று எழுதி வைத்தால்தான் அடுத்த நாயைக் காப்பாற்ற முடியும். கருத்தடைத் திட்டத்தைக் கண்காணிக்க விதிகளிலேயே உள்ளூர்க் குழு உண்டு. அந்தக் குழு, எத்தனை ஆபரேஷன் என்பதோடு எத்தனை இறப்பு, ஏன் என்பதையும் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

போன் நோட்டில் சேமித்துக்கொள்ள ஏழு கேள்விகள்

1. எடை போட்டுத்தான மருந்து கொடுப்பீங்க?
2. ரத்தப் பரிசோதனை எடுத்துரலாமா? தட்டணு எவ்வளவு இருக்கு?
3. சாப்பாடு, தண்ணீர் எத்தனை மணிக்கு நிறுத்தணும்?
4. இது சிப்பிப்பாறை / கன்னி / பக். இதுக்குத் தனியா ஏதாவது பார்க்கணுமா?
5. ஆபரேஷன் நடக்கும்போது மூச்சையும் நாடியையும் யார் பார்த்துக்கிடுவாங்க?
6. எந்திரிக்கிற வரைக்கும் நாய் எங்க இருக்கும்? நான் கூட இருக்கலாமா?
7. கொடுத்த மருந்து பேரையும் அளவையும் சீட்டுல எழுதித் தர முடியுமா?

ஏழாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒருமுறை எழ ரொம்ப நேரமான நாய்க்கு, அடுத்த முறை அந்தச் சீட்டுதான் பாதுகாப்பு. “அப்ப போட்டது ஒத்துக்கிடல சார்” என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் பயனில்லை. “இந்த மருந்து, இவ்வளவு எம்.எல்., எந்திரிக்க ஆறு மணி நேரம் ஆச்சு” என்று காட்டினால் அவர் மருந்தை மாற்றுவார், அளவைக் குறைப்பார், அல்லது ராமையன்பட்டிக்கு அனுப்புவார்.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபப்பட மாட்டார். கேட்கும் வாடிக்கையாளர் இருக்கும் ஊரில்தான் ஆக்ஸிமீட்டர் வாங்கிவைக்க ஒரு கிளினிக்குக்கு நியாயம் கிடைக்கும். நாயால் கேட்க முடியாது. அதன் சார்பில் கேட்பது நம் வேலை.